கீழே உட்கார்ந்து கேட்ட பாட்டு

லூர்துராஜ் கச்சேரி கேட்கும்போது கண்ணை மூடிக்கொள்வார். பார்ப்பவர்கள் பெரிய லயிப்பு என்று நினைத்துக்கொள்வார்கள். லயிப்பும் இல்லை, ஒன்றும் இல்லை. ஈசலால் வந்த பழக்கம் அது.

சின்ன வயதில், சின்னசேலத்தில் ஒரு திருவிழாவுக்குச் சேலத்திலிருந்து பாட்டுக் கோஷ்டி ஒன்று ரயிலில் வந்து இறங்கியது. அப்பா ஸ்டேஷனில் மூட்டை தூக்குகிறவர். அன்றைக்கு நெல் மூட்டைக்குப் பதிலாக ஆர்மோனியப் பெட்டியையும் டிரம்ஸையும் தலையில் வைத்துக்கொண்டு வந்து மேடையில் இறக்கினார். அந்தச் சலுகையில் மகனுக்கு மேடைக்குப் பக்கத்திலேயே, டியூப்லைட் கம்பத்தடியில் இடம் கிடைத்தது. மழை பெய்து ஓய்ந்த நாள். கோஷ்டி முதல் பாட்டை எடுத்ததும் புற்றிலிருந்து கிளம்பின ஈசலெல்லாம் விளக்கைத் தேடி வந்து அவன் முகத்தில் விழுந்தது. வேறு வழியில்லாமல் கண்ணை மூடினான்.

மூடின பிறகுதான் ஒன்று பிடிபட்டது. கண் திறந்திருந்தால் பாடுகிறவர் குரல் ஒன்றுதான் கேட்கிறது. மூடிவிட்டால் பின்னால் இருக்கிறவர்கள் ஒவ்வொருவராக முன்னால் வந்து நிற்கிறார்கள். தபேலா வந்தது, புல்லாங்குழல் வந்தது. கடைசியாக வயலின் வந்தது. வந்த வயலின் திரும்பிப் போகவே இல்லை. மாதா கோயில் பாடகர் குழுவில் சும்மா கிடந்த ஒரு பழைய வயலினைக் கேட்டு வாங்கி, வீட்டில் இருந்தவர்களையும் அக்கம்பக்கத்தையும் சில வருஷம் பாடாய்ப் படுத்தி, கடைசியில் கள்ளக்குறிச்சித் தெய்வசிகாமணியின் இன்னிசைக் குழுவில் வயலின்காரராகவே சேர்ந்துவிட்டார்.

ஆனால் வாசித்த கச்சேரிகளைப் பற்றி லூர்துராஜ் அதிகம் பேசமாட்டார். கேட்ட கச்சேரிகளைப் பற்றித்தான் பேசுவார். அதுவும் ஒழுங்காக, எந்த ஊர், என்ன திருவிழா, யார் எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார்கள் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தால்தான் அவருக்குத் திருப்தி. எலவனாசூர்கோட்டைக் கோயில் திருவிழாவில் இரண்டு நாயன செட்டுகள் போட்டி போட்டதைச் சைக்கிளில் போய்க் கேட்டிருக்கிறார். பாதியில் ஒருவர் வாயில் வைத்து ஊதுகிற சீவாளி பிளந்துபோயிற்று. எதிர் செட்டுக்காரர் தம் நாயனத்தில் தொங்கின சீவாளிகளில் ஒன்றை அவிழ்த்து நீட்டினார். போட்டி அதோடு சரி. அப்புறம் விடிகிறவரை இரண்டு பேரும் ஒன்றாகத்தான் வாசித்தார்கள். கடலூரில் ஒரு சபாவுக்குப் போய், வித்வான் ராகத்தை இழுத்து நிறுத்தின இடத்தில் முடிந்துவிட்டது என்று எண்ணி இவர் ஒருத்தர் மட்டும் கை தட்டி, சபையே திரும்பிப் பார்த்த கதையை அவரே சொல்லிச் சிரிப்பார்.

இவற்றில் எல்லாம் அவருக்கு உசத்தி, கள்ளக்குறிச்சி மைதானத்தில் மெட்ராஸ் கோஷ்டி வந்து பாடினதுதான். ஒரு பெண் மழையைப் பற்றி ஒரு பாட்டை எடுத்தாள். ஆரம்பத்திலேயே நீளமான வயலின் வரும். பல்லவி முடிவதற்குள் நிஜமாகவே மழை பிடித்துக்கொண்டது. ஜனம் ஓடவில்லை. உட்கார்ந்திருந்த இரும்பு நாற்காலியை மடக்கித் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றபடியே கேட்டார்கள். வயலின்காரர் தம் சட்டையைக் கழற்றி வயலினுக்குப் போர்த்திவிட்டு, பனியனோடு நின்றார். லூர்துராஜுக்குப் பக்கத்தில் நாற்காலியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அந்தப் பாட்டைக் கூடவே முணுமுணுத்துக்கொண்டு நின்றவள்தான் ஆனந்தமேரி.

அப்புறம் அவளும் சிகாமணி குழுவில் பாட வந்தாள். மழைப் பாட்டைக் குழுவில் சேர்த்துக்கொண்டார்கள். எந்த ஊருக்குப் போனாலும் அந்தப் பாட்டைக் கேட்டுச் சீட்டு வரும். முன்னால் லூர்துராஜின் வயலின், பின்னாலேயே மேரியின் குரல். இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆனபோது குழுவில் யாரும் ஆச்சரியப்படவில்லை.

ஆனால் ஒரு குறை. மேடையில் இருக்கிறவனுக்குப் பாட்டின் முதுகுதான் கேட்கும். ஸ்பீக்கர் பெட்டியெல்லாம் ஜனத்தைப் பார்த்துத் திரும்பியிருக்கும். மேடையில் இருப்பவனுக்குப் பக்கத்தில் இருக்கிற டிரம்ஸும் தன் கையில் இருப்பதும்தான் காதை அடைக்கும். மேரி பாடுவதை ஊரெல்லாம் முன்னால் இருந்து கேட்டது, இவர் பின்னால் இருந்து கேட்டார். ஒரு தடவை கீழே ஜனத்தோடு உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு அவளைக் கேட்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

"அப்ப வயலின் யாரு வாசிப்பா? வேற ஆளு வாசிச்சா வுட்டுருவீங்களா நீங்க?" என்று மேரி கிண்டல் செய்வாள்.

அதுவும் உண்மைதான். அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று தள்ளிப்போயிற்று. மகள் கிரேஸ் பிறந்தாள். மேரி மேடை ஏறுவதை நிறுத்தினாள். நிறுத்தினதாகச் சொல்லி நிறுத்தவில்லை. ஒரு திருவிழாவுக்கு வரவில்லை, அடுத்ததற்கும் வரவில்லை, அவ்வளவுதான். கிரேஸ் படித்து, கட்டிக்கொண்டு சேலத்துக்குப் போன பிறகும், மேரி மேடையை நினைத்துப் பார்க்கவில்லை.

காது கெட ஆரம்பித்தது இவருக்கு ஒரு கச்சேரியில்தான் தெரிந்தது. உளுந்தூர்பேட்டையில் யாரோ ஒரு குழுவின் நிகழ்ச்சி. கேட்கத்தான் போயிருந்தார். கண்ணை மூடினார். ஒவ்வொன்றாக முன்னால் வந்தது. புல்லாங்குழல் மட்டும் வரவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தால் வாசிக்கிறவர் விரல் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு தொழில்காரனுக்கு இன்னொரு தொழில்காரன் செய்கிற உபகாரம் என்று எழுந்து போய், மைக் செட்டுக்காரரிடம் புல்லாங்குழல் மைக் செத்துக் கிடக்கிறது, பார்க்கக்கூடாதா என்றார்.

அந்த ஆள் இவரை ஏற இறங்கப் பார்த்தான். "இன்னாண்ணே சொல்ற? அது ஒண்ணுதான் தூக்கிக்கினு நிக்குது. கொறைக்கச் சொல்லி இப்பத்தான் ஆள் வந்துட்டுப் போறான்."

திரும்பி வந்து உட்கார்ந்தவர் அதற்கப்புறம் கண்ணை மூடவில்லை.

அதன்பின் ஒவ்வொரு கச்சேரியிலும் ஏதாவது ஒன்று வராமல் போயிற்று. ஒரு வருஷம் ஜால்ரா போயிற்று. அடுத்து பெண் குரல்களின் மேல் பக்கம் தேய்ந்துபோய், அடிப்பக்கம் மட்டும் பாசி பிடித்த தண்ணீர் போலக் கலங்கலாகக் கேட்டது. ஆஸ்பத்திரியில் காட்டினார். இத்தனை வருஷம் ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றதில் நரம்பு செத்துக்கொண்டே வருகிறது, இடது காது முடிந்த கதை, வலதில் ஏதோ மிச்சம் இருக்கிறது, அதுவும் இருக்கிறவரைக்கும்தான் என்று டாக்டர் சத்தம் போட்டுச் சொன்னார். மெஷின் வைத்துப் பார்த்தார்கள். எவர்சில்வர் பாத்திரக் கடையை மாடிப்படியில் உருட்டிவிட்ட மாதிரி இருந்தது. கழற்றி வைத்துவிட்டார்.

வீட்டிலும் குழுவிலும் 'கொஞ்சம் மந்தம்' என்று மட்டும் சொல்லிவைத்தார். மிச்சத்தைத் தலையாட்டிச் சமாளித்தார். எதிரில் இருப்பவர் வாய் நின்றதும் தலையை ஆட்டிவிட வேண்டும். சிரித்தால் சிரித்துவிட வேண்டும். டிரம்ஸ் வாசிக்கும் இருசப்பன் மட்டும் கவனித்துவிட்டான். லூர்து அண்ணனிடம் பூம்பூம் மாடு தோற்றுவிடும் என்று எல்லார் முன்னாலும் சொன்னான். இவர் அதற்கும் சிரித்துத் தலையாட்டினார்.

வயலினில் தலையாட்டிச் சமாளிக்க முடியவில்லை. ஒருநாள் தெய்வசிகாமணி வீட்டுக்கு வந்தார். டீ குடித்தார். கிரேஸைப் பற்றி விசாரித்தார். மரவள்ளி விலையைப் பற்றியும் புது கலெக்டர் ஆபீஸைப் பற்றியும் பேசினார். எழுந்திருக்கப் போகும்போதுதான், ஆடி முழுக்க மலையும் காடுமாக அலைச்சல் இருக்கிறது, நீ கொஞ்ச நாள் வீட்டிலேயே இரு என்று கையை அசைத்துக் காட்டினார்.

"ஸ்ருதியா?" என்றார் லூர்துராஜ்.

சிகாமணி டம்ளரைப் பார்த்துக்கொண்டு, சத்தமாகவே, "மேல போய்க்கினு இருக்குது லூர்து. ஒரு வருசமாவே" என்றார்.

ஒரு வருஷமாகத் தாம் அபஸ்வரத்தில் வாசித்ததைப் பொறுத்துக்கொண்டு, இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று குழுவே நின்றிருக்கிறது. அந்த நினைப்புதான் அவரைத் தின்றது. வயலின் பெட்டியைப் பரண்மேல் ஏற்றினார்.

அந்த வாரத்திலேயே ஒரு சாயங்காலம் மேரி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது எதிரில் போய் உட்கார்ந்தார்.

"மேரி, ஒரு தபா மேடையில பாடு. நான் கீழ உக்காந்து கேக்கறேன்."

இந்த வயதில் இதென்ன புது ஆசை என்று அவள் கையை விரித்தாள்.

"புதுசு இல்ல. பழசுதான். வலது காது இருக்கும்போதே கேட்டுடணும்."

பிறகு டாக்டர் சொன்னதை முழுசாகச் சொன்னார். மேரி கீரையை அப்படியே முறத்தில் போட்டாள். இப்போதே பாடுகிறேன், இங்கேயே கேளுங்கள் என்று வாயைத் திறந்தாள். இவர் தடுத்தார். வீட்டில் பாடினால் எட்டாது, பெட்டி வேண்டும், பெரிய பெட்டிக்கு நேர் எதிரில் உட்கார்ந்தால்தான் ஏதாவது உள்ளே போகும் என்றார். மழைப் பாட்டைத்தான் பாட வேண்டும் என்றும் சொன்னார். அவள் கடைசியில் சரி என்றாள்.

சிகாமணிக்கு அதில் சந்தோஷம்தான். லூர்துவை நிறுத்தின உறுத்தலுக்கு ஏதோ ஒரு மருந்து கிடைத்த மாதிரி இருந்திருக்கும். கல்வராயன் மலையில், வெள்ளிமலை தாண்டி ஓர் ஊரில் ஆடித் திருவிழா. மலையில் சாயங்காலமானால் மூடுபனி இறங்கிவிடும், பஸ்ஸும் கிடையாது என்பதால் அங்கே கச்சேரியைப் பகலிலேயே வைத்துவிடுவார்கள். அதில் மேரி ஒரு பாட்டு பாடட்டும் என்று முடிவாயிற்று.

மேரி ஒத்திகைக்குப் போய்வந்தாள். இவரை வரவேண்டாம் என்றுவிட்டாள். அங்கேயே மொத்தமாகக் கேட்டுக்கொள்ளுங்கள் என்பது போல மலை இருக்கிற திசையைக் காட்டினாள். இவரும் அதையே விரும்பினார். கல்யாண வீட்டில் பந்திக்கு உட்காரப் போகிறவன் காலையில் பட்டினி கிடப்பதில்லையா, அந்த மாதிரி அந்த நாட்களில் டிவி சத்தம்கூட வைக்கவில்லை. இருக்கிற காதைப் பத்திரப்படுத்திக்கொண்டார்.

வேன் கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையை விட்டு மலை ஏறியது. வளைவுக்கு வளைவு இன்ஜின் அதிர்வு மட்டும் சீட்டின் வழியாக உடம்பில் ஏறிக்கொண்டிருந்தது. பாதி மலையில், முன் சீட்டில் இருந்த மேரி திரும்பினாள். தொண்டையைத் தொட்டுக் காட்டினாள். கையை மேலே உயர்த்தி, முடியாது என்பது போல இறக்கினாள். நிறையப் பேசினாள். கீபோர்டு வாசிக்கும் கண்ணாயிரமும் ஏதோ சேர்த்துச் சொன்னான். சிகாமணியும் திரும்பிப் பார்த்து, சம்மதம்தானே என்பது போலப் புருவத்தை உயர்த்தினார். இத்தனை வருஷம் கழித்துப் பாடப் போகிறவள், பயமாக இருக்கிறது என்கிறாள் போலிருக்கிறது என்று லூர்துராஜ் நினைத்தார். தைரியம் சொல்கிற விதமாகச் சிரித்துப் பலமாகத் தலையாட்டினார். மேரியின் முகம் தெளிந்து முன்பக்கம் திரும்பிக்கொண்டது.

ஊரில் காசியம்மாள் என்கிற ஒரு பெண்பிள்ளை வீட்டில் குழுவுக்குச் சாப்பாடு. சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும். சாப்பிட்டுவிட்டு லூர்துராஜ் முதல் ஆளாக வந்து, இடது பக்கத்துப் பெட்டிக்கு நேராக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு, வலது காதைப் பெட்டிக்குக் கொடுத்து உட்கார்ந்தார். மலைக்காரர்கள் பிள்ளைகுட்டிகளோடு வந்து தரையில் உட்கார்ந்தார்கள்.

முதல் சில பாட்டுகள் இடிப்புதான். இருசப்பன் அடிக்கிற அடி நாற்காலிக் காலில் ஏறி முதுகில் விழுந்தது. பாடுகிறவர்களின் வாய் அசைந்தது. ஒன்றும் உள்ளே போகவில்லை. இவ்வளவு பெரிய பெட்டிக்கும் எட்டவில்லை என்றால் பிறகு எதற்கு எட்டும்? நாற்காலியை இன்னும் இரண்டடி முன்னால் இழுத்தார். பக்கத்தில் இருந்தவர்கள் காதைப் பொத்திக்கொண்டு விலகி உட்கார்ந்தார்கள்.

மேரி மேடைக்கு வந்தாள். நீலப் புடவை. மைக்கைச் சரிசெய்தாள். கூட்டத்தில் அவரைத் தேடிப் பார்த்துவிட்டு, கண்ணாயிரத்துக்குத் தலையசைத்தாள்.

லூர்துராஜ் கண்ணை மூடினார்.

கொஞ்ச நேரம் வெறும் இருட்டு. பிறகு எங்கேயோ தூரத்தில், கதவிடுக்கு வழியாக வருகிற வெளிச்சம் மாதிரி, வயலின் எடுத்தது. அதே நீளமான ஆரம்பம். கண்ணாயிரம் பையன் கீபோர்டில் வயலினை என்னமாய்க் கொண்டுவந்துவிட்டான் என்று நினைப்பதற்குள் மேரியின் குரல் வந்தது. முழுசாக வந்தது. மேல் பக்கம் தேயாமல், அடியில் கலங்காமல், மழையில் நனைந்த நாற்காலிக்கடியில் நின்று முணுமுணுத்தாளே அந்தக் குரலே வளர்ந்து பெரிசாகி வந்த மாதிரி. இரண்டாவது சரணத்தின் கடைசியில் ஓர் இழுப்பு உண்டு. அங்கே மூச்சை விடாமல் மேலே போய் ஒரு சுற்றுச் சுற்றி இறங்குவாள். அங்கே போனாள். இறங்கினாள். லூர்துராஜின் மூடின கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து மீசையில் இறங்கியது. போகட்டும். இனிமேல் எல்லாம் போகட்டும். கேட்டாயிற்று.

கண்ணைத் திறந்தபோது மேரி மேடையில் இல்லை. இருசப்பன் அடுத்த பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தான். மேரி இறங்கி வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். முகம் வேர்த்து, என்னவோ போல இருந்தது. அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ரெண்டாவது சரணத்துல அந்த இழுப்பு இருக்கே மேரி. அன்னிக்கு எப்பிடிப் பாடுனியோ அப்பிடியே. மழப் பாட்டுன்னா அது நீதான்."

மேரி அவரையே பார்த்தாள். பிறகு மெதுவாகத் தலையாட்டினாள்.

கச்சேரி முடிந்து சாமான்களை வேனில் ஏற்றும்போது பனி இறங்க ஆரம்பித்துவிட்டது. லூர்துராஜ் இத்தனை மாதமாக இல்லாத தெம்போடு ஸ்டாண்டுகளைத் தூக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். சிகாமணியின் தோளில் தட்டினார். கண்ணாயிரத்திடம் போய், வயலினே தோற்றது போ என்றார். கண்ணாயிரம் சிகாமணியைப் பார்த்தான்.

அப்போதுதான் காசியம்மாள் வந்தாள். ஒரு துணியில் கட்டின சாமை அரிசியை மேரியிடம் கொடுத்து, அவள் கன்னத்தைத் தொட்டு ஏதோ சொன்னாள். தன் தொண்டையில் கையை வைத்து, பரவாயில்லை என்பது போல உதட்டைப் பிதுக்கினாள். பிறகு இரண்டு கைகளையும் மார்புக்கு முன்னால் தொட்டிலாகச் சேர்த்து, இப்படியும் அப்படியுமாக ஆட்டிக் காட்டினாள். இடுப்பில் இருந்த ஒரு குழந்தையைக் காட்டி, அதன் கண்ணை விரலால் மூடி, தூங்கிவிட்டது என்று சைகை செய்து சிரித்தாள்.

லூர்துராஜ் கையில் ஸ்டாண்டோடு அப்படியே நின்றார்.

மழைப் பாட்டில் தொட்டில் ஏது? ஆட்டுவது ஏது?

மேரியைப் பார்த்தார். மேரி அரிசி மூட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ பாடுனது எது?" என்றார்.

சிகாமணிதான் பக்கத்தில் வந்து, வலது காதுக்கு நேராகக் குனிந்து, கையாலும் வாயாலுமாகச் சொன்னார். அவளுக்கு இப்போது அவ்வளவு மேலே போகவில்லை, வயலினும் இல்லை, அதனால் தாலாட்டுப் பாட்டு ஒன்றை எடுத்தோம். வரும்போது உன்னிடம் கேட்டுத்தானே மாற்றினோம், நீயும் சரி என்றாயே. அதிலும் பாதியில் தொண்டை அடைத்து, இரண்டாவது சரணத்தை விட்டுவிட்டாள். பாதி உதட்டிலிருந்து தெரிந்தது. பாதி தெரிய வேண்டிய தேவையே இருக்கவில்லை.

அப்படியானால் அவள் பாடினதில் ஒரு சொட்டுகூட உள்ளே போகவில்லை. கேட்டதெல்லாம் ஏற்கெனவே உள்ளே கிடந்ததுதான். இன்றைக்கு மட்டுமா? போன வருஷம் கேட்டதில் எவ்வளவு கேட்டது, எவ்வளவு கிடந்தது? அவள் இனி மேடை ஏறமாட்டாள். ஏறினாலும் கேட்கப் போவதில்லை.

வேன் இறங்கியது. இந்தத் தடவை மேரி பின் சீட்டில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். கண்ணாடிக்கு வெளியே பனியைத் தவிர ஒன்றும் இல்லை. முன்னால் இருந்த யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

சில வளைவுகள் தாண்டி மேரி நகர்ந்து வந்து, அவருடைய வலது காதில் வாயை வைத்தாள். பாடினாள். பாடுகிறாள் என்று தெரிந்தது. மூச்சு சூடாக வந்து காதில் பட்டு, நின்று, மறுபடி வந்தது. எங்கே இழுக்கிறாள், எங்கே விடுகிறாள் என்றுகூடச் சொல்லிவிடலாம். இரண்டாவது சரணத்துக்கும் போனாள் போலிருக்கிறது, மூச்சு நடுங்கியது. பாட்டு மட்டும் வரவில்லை. அதற்குப் பதிலாக, யாரும் கேட்காமலேயே, உள்ளே அந்த வயலின் மறுபடி எடுத்தது. மழைப் பாட்டு. நிறுத்தென்றால் நிற்கிற மாதிரி இல்லை.

மேரி முகத்தை விலக்கி, அவருக்கு நேரே வைத்து, "கேக்குதாங்க?" என்றாள். அது மட்டும் அவள் உதட்டில் தெளிவாகத் தெரிந்தது.

பழக்கத்தில் தலை தானாக ஆடப் பார்த்தது. லூர்துராஜ் முன் சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ஆட்டவில்லை.